ஒரே மருந்து, மூன்று தீர்ப்பு: நைட்ரிக் ஆக்சைடும் மார்பகப் புற்றின் பரவலும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனையில் நடந்த ஒரு மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில், சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளிகளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அம்லோடிபின். நம் வீடுகளில் அப்பாவோ மாமியாரோ காலைக் காப்பிக்கு அப்புறம் போட்டுக்கொள்ளும் அதே பிரஷர் மாத்திரைதான். அவர்களுக்குப் பிரஷர் இருந்ததால் கொடுத்ததல்ல. அடுத்து ஊசி வழியாக ஏற்றப்போகும் மருந்து பிரஷரை ஏற்றிவிடும் என்று தெரிந்ததால், முன்கூட்டியே போட்ட அணை அது.

ஏற்றப்போகும் மருந்தின் பெயர் எல்-என்எம்எம்ஏ. உடலில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தடுப்பது அதன் வேலை. ஏற்கெனவே கொடுத்த கீமோவுக்கு மசியாத டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்று (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை) உள்ளவர்களுக்கு, டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்து இதைக் கொடுத்தார்கள். மொத்தம் 35 பேர். முடிவுகள் 2021-இல் சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின் இதழில் வந்தன. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் என்சைமைப் புற்றுநோய் சிகிச்சையின் இலக்காக வைத்து, கீமோவோடு சேர்த்துச் செய்த முதல் மனிதச் சோதனை இது.

எண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது அந்த மருந்தின் பழைய ஜாதகம். 1987-இல் இதே எல்-என்எம்எம்ஏவை ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தியபோது, அது புற்றுநோய் செல்களைக் காப்பாற்றியது. 2004-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், அதைப் பெற்ற நோயாளிகள் பெறாதவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 2021-இல் அதே பொருள் புற்றுநோய் மருந்தாக வந்து நிற்கிறது. மூலக்கூறு மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

அந்த வாயு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் டாக்டரிடம் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயு நைட்ரஸ் ஆக்சைடு. நாம் பேசுவது நைட்ரிக் ஆக்சைடு: ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், அவ்வளவுதான். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வேலை செய்வது இந்த வாயுவை உடலுக்குள் விடுவித்துத்தான். ரத்தக் குழாயின் உட்சுவர் தானாகவே இதைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று கண்டுபிடித்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

உடல் இதை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. தயாரிக்கும் என்சைம் மூன்று வகை. ஒன்று நரம்பு செல்களில் இருக்கிறது, இன்னொன்று ரத்தக் குழாயின் உட்சுவரில். இவை இரண்டும் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரப்பவை. மூன்றாவது வகை சாதாரணமாக இருக்காது. கிருமி நுழைந்தாலோ அழற்சி வந்தாலோ புதிதாக உருவாகி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் வாயுவைக் கொட்டும். ஆய்வாளர்கள் இதை ஐநாஸ் என்பார்கள். இந்தக் கட்டுரையின் பாதிச் சண்டை இதைச் சுற்றித்தான்.

எல்-என்எம்எம்ஏ என்பது ஆர்ஜினினோடு கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிய பொருள். என்சைம் அதை ஆர்ஜினின் என்று நம்பி உள்ளே இழுக்கும். போலிச் சாவி பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் நல்ல சாவியும் போகாது அல்லவா, அந்தக் கதைதான். மூன்று வகை என்சைமையும் பாரபட்சமில்லாமல் அடைக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அம்லோடிபின் தேவைப்பட்டது அதனால்தான்.

1987: முதல் தீர்ப்பு

சால்ட் லேக் சிட்டியில் ஜான் ஹிப்ஸ் குழுவினர் மேக்ரோஃபேஜ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கிருமிகளை விழுங்கும் இந்த வெள்ளை அணுக்களைத் தூண்டிவிட்டுப் புற்று செல்களோடு ஒரே தட்டில் வளர்த்தால், புற்று செல்களின் மூச்சு திணறும். அவற்றின் மைட்டோகாண்ட்ரியா என்சைம்கள் செயலிழந்துபோகும். ஆனால் வளர்ப்புத் திரவத்தில் ஆர்ஜினின் இல்லையென்றால் மேக்ரோஃபேஜ்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆர்ஜினின் இருந்தும் எல்-என்எம்எம்ஏவைச் சேர்த்தால் அப்போதும் கொலை நின்றது. அந்தக் கொலைக் கருவி நைட்ரிக் ஆக்சைடு என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியாயிற்று.

இதைப் படித்த எவருக்கும் வரக்கூடிய முடிவு ஒன்றுதான்: நைட்ரிக் ஆக்சைடு நம் பக்கத்து ஆள், புற்றுநோய்க்கு எதிரி. அதைத் தடுப்பவன் புற்றுநோய்க்குத் துணை போகிறவன்.

ஒரே ஆண்டில் இரண்டு பதில்கள்

1995-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் செய்தது ஏறக்குறைய ஒரே வேலை: புற்று செல்லுக்குள் ஐநாஸ் மரபணுவைப் புகுத்தி, செல் தானே நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும்படி செய்வது.

ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கேபிங் ஷீயும் ஐசையா ஃபிட்லர் குழுவினரும் எலியின் மெலனோமா என்ற தோல் புற்று செல்களை எடுத்துக்கொண்டார்கள். கே-1735 என்ற அந்த வகையில், நுரையீரலுக்கு வேகமாகப் பரவும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை செய்யும் ஐநாஸ் மரபணு உள்ளே போனவுடன் அந்த செல்கள் பரவும் திறனை இழந்தன. வேலை செய்யாதபடி சிதைத்த மரபணுவைப் புகுத்திய செல்கள் பழையபடி நுரையீரலில் போய்க் குடியேறின. ஆக மரபணுவைப் புகுத்தியதால் வந்த விளைவில்லை, வாயுவால் வந்த விளைவு. அழகான சோதனை.

இங்கிலாந்தில் சால்வடோர் மொன்கடா குழுவினர் மனிதப் பெருங்குடல் புற்று செல்லான டிஎல்டி-1-இல் அதே மரபணுவைப் புகுத்தினார்கள். தட்டில் வளர்த்தபோது அந்த செல்கள் சாதாரண செல்களைவிட மெதுவாகத்தான் வளர்ந்தன. சரி, எதிர்பார்த்ததுதானே. அதே செல்களை எதிர்ப்புசக்தி குறைந்த எலிகளில் வைத்தபோது கதை தலைகீழாயிற்று. கட்டிகள் வேகமாக வளர்ந்தன, அவற்றில் ரத்தக் குழாய்கள் நிறைய முளைத்திருந்தன.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டு குழுக்களுக்கு இடையிலான முரண்பாட்டைவிட, இரண்டாம் குழுவின் சோதனைக்குள்ளேயே இருக்கும் முரண்பாடு. ஒரே செல், ஒரே மரபணு. தட்டில் இருந்தால் தளர்கிறது, உடலுக்குள் போனால் பாய்கிறது. தட்டில் ரத்தக் குழாய் கிடையாது. சாப்பாடு மேலேயே ஊற்றப்பட்டிருக்கும். உடலுக்குள் ஒரு கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டுமென்றால் அதற்குச் சொந்தமாகக் குழாய் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பை வாங்கித் தருவதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்கு உண்டு. அப்புறம் அதே குழாய்தான் செல்கள் வெளியூர் கிளம்பும் சாலையும் ஆகிறது.

இரண்டு விடைகளையும் சேர்த்துப் படிக்க 1998-இல் ஒரு துப்பு கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டெஃபான் ஆம்ப்ஸ், கர்டிஸ் ஹாரிஸ் குழுவினர் பி53 என்ற காவல் மரபணுவைப் பார்த்தார்கள். பி53 ஒழுங்காக இருக்கும் புற்று செல்லில் நைட்ரிக் ஆக்சைடு அதை எழுப்பிவிட்டு வளர்ச்சியைக் குறைக்கிறது. பி53 பழுதான செல்லில் எழுப்ப ஆளில்லை. ரத்தக் குழாயை வரவழைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் மட்டும் கூடுகிறது, கட்டி வேகமெடுக்கிறது. டிஎல்டி-1 செல்லில் பி53 பழுதானது. டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றிலும் பத்தில் எட்டுக் கட்டிகளில் பி53 பழுதுதான்.

லண்டன், ஒன்டாரியோவில் ஒரு பக்கவிளைவு

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் பியூஷ் லாலா என்ற ஆய்வாளர் இன்டர்லூகின்-2 சிகிச்சையோடு போராடிக்கொண்டிருந்தார். எதிர்ப்புசக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கும் அந்தச் சிகிச்சையில் ஒரு தலைவலி: நுண்குழாய்கள் ஒழுகத் தொடங்கி, நுரையீரலிலும் நெஞ்சறையிலும் நீர் கோத்துக்கொள்ளும். இந்த ஒழுகலுக்குக் காரணம் நைட்ரிக் ஆக்சைடாக இருக்கலாம் என்று நினைத்து, எல்-என்எம்எம்ஏவின் நெருங்கிய உறவான எல்-நேம் என்ற தடுப்பானை மார்பகப் புற்று வைத்த எலிகளுக்குக் கொடுத்தார்கள்.

ஒழுகல் குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது: கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. பக்கவிளைவைச் சரிசெய்யப் போனவர்கள் வேறொரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் அந்தக் குழு பல ஆண்டுகள் இந்தக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் சி3எல்5 என்ற எலி மார்பகப் புற்று செல் இருந்தது, நுரையீரலுக்குப் பரவுவதில் கில்லாடி. அந்த செல்களே நைட்ரிக் ஆக்சைடு தயாரித்தன. அதுவும் மேக்ரோஃபேஜ் பாணியில் கொட்டவில்லை. ரத்தக் குழாய் உட்சுவரில் இருக்கும் வகை என்சைமை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சுரந்தன. வாயுவைத் தடுத்தால் செல்கள் சவ்வைத் துளைத்துப் போகும் வேகம் குறைந்தது. கூடுதலாக ஆர்ஜினின் ஊற்றினால் வேகம் திரும்பியது. காரணத்தைத் தேடியபோது, திசுவின் சாந்தைக் கரைக்கும் என்சைம்களுக்குக் கடிவாளமாக இருக்கும் டிம்ப் புரதங்கள், வாயு இல்லாதபோது கூடுவது தெரிந்தது. வாயு இருந்தால் கடிவாளம் தளர்ந்து, செல் வழி வெட்டிக்கொண்டு போகிறது.

இதை வைத்து நைட்ரிக் ஆக்சைடு பரவலின் எல்லாப் படியிலும் புற்றுக்குத் துணை நிற்கிறது என்று எழுதிவிடவும் முடியாது. ரத்தத்துக்குள் வந்த புற்று செல் தட்டணுக்களைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். நைட்ரிக் ஆக்சைடோ தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் பொருள். அந்த ஒரு நிறுத்தத்தில் அது நமக்காக வேலை செய்கிறது.

ரோஸ் நிறத்தின் குறை

இவ்வளவு நாள் ஏன் குழப்பம் தீரவில்லை என்பதற்கு ஆய்வுக்கூட மேசையில் ஒரு காரணம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் சில நொடிகள். அதை நேராகப் பிடித்து அளப்பது கஷ்டம். அதனால் அது சிதைந்து விட்டுச்செல்லும் நைட்ரைட்டை அளக்கிறார்கள். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல் வளர்ந்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, கிரீஸ் கரைசலைச் சேர்த்தால் சில நிமிடத்தில் நிறம் ஏறும். நைட்ரைட் இல்லாத குழி தண்ணீர் மாதிரி இருக்கும், கொஞ்சம் இருந்தால் பன்னீர் ரோஜா, நிறைய இருந்தால் பீட்ரூட் சாறு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சோதனையைத் தந்த பீட்டர் கிரீஸ், இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையின் வேதியியலாளர். புற்றுநோய் ஆய்வுக்கு இப்படியும் முன்னோர்கள் உண்டு.

மலிவான, அழகான சோதனைதான். ஆனால் அது சொல்வது ஒரு நாளின் மொத்தக் கணக்கை. ஒரு செல்லைச் சுற்றி எந்த நேரத்தில் எந்த அடர்த்தி இருந்தது என்று அதற்குத் தெரியாது. நாள் முழுக்கச் சொட்டிய குழாயும், ஐந்து நிமிடம் பீறிட்ட குழாயும் வாளியில் ஒரே அளவைக் காட்டலாம்.

அந்த அடர்த்திதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று 2004-இல் டக்ளஸ் தாமஸ், டேவிட் விங்க் குழுவினர் காட்டினார்கள். மார்பகப் புற்று செல்களில் நைட்ரிக் ஆக்சைடின் நிலையான அடர்த்தியைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். சில பத்து நானோமோலார் (அடர்த்தியின் மிகச் சிறிய அலகு) அளவிலேயே வளர்ச்சிச் சமிக்ஞையான இஆர்கே தூண்டப்பட்டது. 100 நானோமோலாரை ஒட்டி, ஆக்சிஜன் பஞ்சத்தில் செல்லைப் பிழைக்க வைக்கும் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா நிலைபெற்றது. 300-ஐத் தாண்டிய பிறகுதான் காவல்காரன் பி53 விழித்தான்.

இதற்குப் பிறகு 1987-இன் தட்டைத் திரும்பப் பார்த்தால் புதிர் பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. ஹிப்ஸின் மேக்ரோஃபேஜ்கள் பக்கத்தில் நின்று வாயுவைக் கொட்டியவை. லாலாவின் புற்று செல்கள் தங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் சுரந்துகொண்டவை. மேக்ரோஃபேஜைத் தடுத்தால் புற்று பிழைக்கும். புற்றையே தடுத்தால் புற்று தளரும். எல்-என்எம்எம்ஏவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, எங்கே போனாலும் பூட்டை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை.

மருந்து விழுந்த இடம்

கிருமித்தாக்கம் முற்றி ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் அதிர்ச்சியில், ஐநாஸ் கொட்டும் வாயு குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. எல்-என்எம்எம்ஏ கொடுத்தால் அழுத்தம் ஏறும், ஆள் பிழைப்பார் என்று 797 நோயாளிகளிடம் சோதித்தார்கள். தொடக்கத்தில் சொன்ன 2004 சோதனை இதுதான். அழுத்தம் ஏறத்தான் செய்தது. 28 நாள் முடிவில் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 49 சதவீதம். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இறுகிய குழாய்களுக்கு எதிராக, ஏற்கெனவே களைத்துப்போன இதயம் இறைக்க வேண்டியிருந்தது. இதயம் தொடர்பான மரணங்கள்தான் கூடியிருந்தன.

அந்தச் சோதனையில் அதிகபட்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு மணி நேரத்துக்கு. ஹூஸ்டனில் பிறகு தேர்ந்தெடுத்த அளவும் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு நாளைக்கு, அதுவும் 21 நாள் சுற்றில் முதல் 5 நாள் மட்டும். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது இந்த 20-ஐப் பார்த்து ஒரு நிமிடம் திடுக்கிட்டேன். அலகைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஹூஸ்டனுக்குத் திரும்பினால்

மருந்தைப் புற்றுநோய்க்குத் திருப்பியதற்குப் பின்னால் நோயாளிகளின் கட்டிகள் சொன்ன சாட்சி இருந்தது. 2010-இல் ஷேரன் கிளின், ஆம்ப்ஸ் குழுவினர் 248 மார்பகக் கட்டிகளைச் சாயமேற்றிப் பார்த்ததில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டிகளில் ஐநாஸ் அதிகமாக இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. 2014-இல் ஜெனி சாங்கின் ஹூஸ்டன் குழு, நுரையீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுகளில் மாறியிருந்த இரண்டு மரபணுக்களைத் தேடிப்போய் நைட்ரிக் ஆக்சைடு பாதையில் வந்து முட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு, ஐநாஸைத் தடுத்தால் எலிகளில் டிரிபிள் நெகட்டிவ் கட்டிகளும் பரவலும் குறைவதைக் காட்டினார்கள். இடத்தை விட்டு நகர செல்லைத் தயார்செய்யும் ஸ்னெய்ல், ஸ்லக், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் அடங்கின.

அதன் பிறகு மனிதர்கள். அம்லோடிபின், குறைந்த அளவு ஆஸ்பிரின், டோசிடாக்செல், எல்-என்எம்எம்ஏ. இரண்டாம் கட்டத்தில் கணக்கில் வந்த 24 பேரில் 11 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, 45.8 சதவீதம். முந்தைய கீமோவுக்கு மசியாதவர்கள் என்பதை நினைத்தால் பெரிய எண். கடுமையான பக்கவிளைவுகள் 21 சதவீதம் பேருக்கு வந்தன. எதையும் எல்-என்எம்எம்ஏவின் கணக்கில் மருத்துவர்கள் எழுதவில்லை.

பலன் கண்ட அந்த 11 பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்பிலும் அக்குளிலும் முற்றியிருந்தாலும் வேறு உறுப்புக்குப் போகாத நோய் உள்ளவர்கள் 11 பேர், அவர்களில் 9 பேருக்குப் பலன். நோய் வேறு உறுப்புக்குப் போகாத அந்த 11 பேரில் 3 பேருக்கு அறுவையின்போது எடுத்த திசுவில் புற்று செல்லே இல்லை. ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டவர்கள் 13 பேர். பலன் கிடைத்தது 2 பேருக்கு.

பரவலைத் தடுக்கும் மருந்து என்று பேசிவிட்டு, பரவியவர்களிடம் இவ்வளவு குறைவா என்று கேட்கலாம். எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. எலிச் சோதனைகளில் பரவல் குறைந்தது, செல் கிளம்புவதற்கு முன்பே மருந்து உள்ளே இருந்ததால். ஊரை விட்டுக் கிளம்புகிறவனை நிறுத்துவது ஒரு வேலை, வெளியூரில் வீடு கட்டிக் குடியேறியவனைக் காலி செய்ய வைப்பது வேறு வேலை. தவிர, பரவிய நிலையில் இருப்பவர்கள் பல சுற்று கீமோவைப் பார்த்துக் களைத்தவர்கள். 13 பேரை வைத்து இதற்கு மேல் வாதம் செய்வதும் நியாயமில்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சோதனையில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. டோசிடாக்செல் மட்டும் கொடுத்திருந்தால் அந்த 9 பேரில் எத்தனை பேருக்குச் சுருங்கியிருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 81.8 சதவீதம் என்று தலைப்புச் செய்தி போடலாம், அதற்கு அடியில் 11 பேர் என்றும் போட வேண்டும்.

இதைப் பற்றிப் பேசினாலே என்னிடம் இரண்டு கேள்வி வந்துவிடும். ஜிம்முக்குப் போகிறவர்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்ட வாங்கும் ஆர்ஜினின் பவுடரும் பீட்ரூட் சாறும் புற்றைப் பரப்புமா? இதயத்துக்குச் சார்பிட்ரேட் போடுகிறவர்கள் நிறுத்திவிடலாமா? ஹூஸ்டன் சோதனையிலிருந்து இரண்டுக்கும் பதில் எடுக்க முடியாது. கட்டிக்குள் ஒரு செல்லைச் சுற்றி எத்தனை நானோமோலார் என்பது தட்டில் இருக்கும் பீட்ரூட்டை வைத்துத் தெரியாது. இதய மாத்திரையை எந்தக் கட்டுரையைப் படித்தும் நிறுத்தாதீர்கள், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் எந்தப் பவுடரைச் சாப்பிடுவதாக இருந்தாலும் தன் ஆன்காலஜி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அடுத்த சோதனையை வடிவமைக்கும் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டால், மூன்று விஷயம் கேட்பேன். டோசிடாக்செல் மட்டும் பெறும் ஒரு குழு. உட்சுவர் வகையை விட்டுவிட்டு ஐநாஸை மட்டும் பிடிக்கும் தடுப்பான், அப்போது அம்லோடிபின் அணையே தேவைப்படாமல் போகலாம். எலிகளில் 1997-இலேயே 1400டபிள்யூ என்ற அப்படிப்பட்ட ஒன்று கட்டிகளைக் குறைத்தது. மூன்றாவது, மருந்தைத் தொடும் முன் ஒவ்வொருவரின் கட்டியிலிருந்தும் ஒரு சீவலை எடுத்து ஐநாஸுக்குச் சாயமேற்றி, அது புற்று செல்லில் இருக்கிறதா, பக்கத்தில் நிற்கும் மேக்ரோஃபேஜில் இருக்கிறதா என்று பார்ப்பது. மேக்ரோஃபேஜில் மட்டும் இருந்தால், அந்த நோயாளிக்கு இந்த மருந்தைக் கொடுக்க நான் தயங்குவேன்.